பானெட்டில் இரண்டு தட்டு

டிசம்பரில் கல்கத்தாவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் அந்தக் கம்பெனி வாசலில் ஐந்தரைக்கெல்லாம் கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு காரும் தடுப்புக் கம்பிக்கு முன்னால் நிற்க வேண்டும், ஹெட்லைட்டை அணைக்க வேண்டும், உள்விளக்கைப் போட வேண்டும். மஞ்சள் பலகையில் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. விளக்கு முகத்தில் அடித்தால் காவலாளியால் நம்பரைப் படிக்க முடியாது, மேலே இருக்கும் கேமராவுக்கும் கண் கூசும். வாசல் காவலாளி கலியன் நம்பரை நோட்டில் எழுதுவார், டிக்கியைத் திறந்து பார்ப்பார், கம்பியைத் தூக்குவார். பிறகு காரின் பானெட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "ஆலோ ஜாலுன்" என்பார். விளக்கைப் போடுங்கள் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்விட்சைத் தேடுவார்.

அந்த இரண்டு தட்டு பலகையில் இல்லாத சட்டம். கலியனாகப் போட்டுக்கொண்டது. கம்பெனிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ராட்சச விளக்குகள் சாலையைப் பகலாக்கி வைத்திருந்தன. அந்த வெளிச்சத்தில் வண்டியை எடுப்பவனுக்குத் தன் விளக்கு அணைந்திருப்பது தெரியாது. எண்பது தப்படி தாண்டிக் கால்வாயோரம் சாலை வளையும். அங்கே கம்பங்கள் உண்டு, பல்புகள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கார் பின்பக்கச் சிவப்பு விளக்குகூட இல்லாமல் இருட்டுக்குள் போய் மறைவதைக் கலியன் பார்த்தார். பெருக்குகிறவர்களும் கேண்டீன்காரர்களும் காவலாளிகளும் கேஷ்டோபூருக்கு நடந்து போகிற வழி அதுதான். கார் வைத்திருப்பவன் யாரும் அந்த வளைவில் நடப்பதில்லை, நடப்பவன் எவனிடமும் கார் இல்லை.

தட்டுகிற பழக்கம் ஹௌராவில் அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த வார்ப்படத் தொழிற்சாலையில் வந்தது. உருகிய இரும்போடு தொங்கும் கொப்பரையைக் கவிழ்ப்பதற்கு முன்னால் அதன் விளிம்பில் கம்பியால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கீழே நிற்பவர்கள் விலகிக்கொள்வார்கள். தட்டாமல் கவிழ்த்தவனோடு யாரும் பீடி பகிர்ந்துகொள்ள மாட்டார்கள். தொண்ணூற்றாறில் தொழிற்சாலையை மூடினார்கள். கொப்பரை போய்விட்டது, கை மட்டும் மறக்கவில்லை.

ஆபீசில் இருந்த இளவட்டங்கள் அவருக்கு 'டுக்டுக்-தா' என்று பெயர் வைத்திருந்தார்கள், தட்டுகிற தாதா, அதாவது அண்ணன். அவருக்கு அதில் கோபம் இல்லை. சிவராம் மட்டும் கலியன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெரிய பதவியில் இருந்தவர். மூன்று தலைமுறையாக லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். காவலாளிக்குத் தமிழ் தெரியும் என்று அறிந்த நாளிலிருந்து தினமும் கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார். குளிர் எப்படி, இருமல் தேவலையா என்று கேட்பார். கலியன் தட்டியதும் சிரித்துக்கொண்டே விளக்கைப் போடுவார்.

"நீங்க இல்லேன்னா நான் இருட்டுலயே ஆத்துக்குப் போயிடுவேன், கலியன்."

நவம்பர் கடைசியில் ஓர் அதிகாரி புதுக் கார் வாங்கினார். மாலையும் எலுமிச்சம்பழமும் இன்னும் வாடவில்லை. அதன் பானெட்டிலும் கலியன் இரண்டு தட்டு தட்டினார். மறுநாள் காலை செக்யூரிட்டி ஏஜென்சியின் சூபர்வைசர் தபன் வந்து காவலாளிகளை வரிசையாக நிற்க வைத்து ஒரு காகிதத்தைப் படித்தான். டிக்கியைச் சோதிப்பதைத் தவிர, காவலாளிகள் வாகனங்களைத் தொடக் கூடாது. வண்டியில் இருக்கும் அதிகாரிகளிடம் தாங்களாகப் பேசக் கூடாது. மீறினால் வேலை இல்லை. படித்து முடித்ததும் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கலியன் இரண்டு நாள் தட்டாமல் டார்ச்சை ஆட்டிக் காட்டினார். அதற்கும் புகார் போனது, கண்ணில் டார்ச் அடிக்கிறானாம். தபன் அவர் தோளில் கை போட்டு, வங்காளத்தில் தன்மையாகத்தான் சொன்னான். வண்டி அவர்களுடையது, விளக்கும் அவர்களுடையது, உனக்கென்ன தாதா வந்தது, வேலையைக் காப்பாற்றிக்கொள்.

அதன் பிறகு கலியன் கம்பியைத் தூக்கியதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கை நமநமத்தது. விளக்கில்லாமல் ஒரு கார் போனால் அது வளைவைத் தாண்டும் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் கேட்காவிட்டால் அடுத்த காருக்குத் திரும்புவார். விளக்கில்லாமல் போனவை அன்றைக்கு ஆறு, மறுநாள் நாலு, அதற்கு மறுநாள் ஒன்பது. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. பெண்சாதி கேட்டதற்கு வாயுத் தொல்லை என்றார்.

நீலாவதிக்கு அந்தக் கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலையை வாங்கிக் கொடுத்ததே கலியன்தான். அவள் புருஷன் முத்துகிருஷ்ணன் அதே வார்ப்படத் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவன். இப்போது லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடையில் மாவாட்டிக்கொண்டு அங்கேயே படுத்துக்கொள்கிறான், வாரத்துக்கு ஒருமுறை வருவான். கேஷ்டோபூரில் ஒற்றை அறையில் நீலாவதியும் பத்தாவது படிக்கும் மகள் தேவிப்ரியாவும்தான். அவளுக்கு வேலை ஐந்தரைக்கு முடிந்துவிடும். அன்றைக்கு மூன்றாம் மாடியில் யாரோ காப்பி மெஷினைக் கவிழ்த்துவிட்டார்கள். துடைத்து முடித்து அவள் வாசலைத் தாண்டும்போது ஆறேகால்.

"கெளம்பறண்ணே. பொண்ணு தனியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியோடு வேகமாக நடந்தாள்.

அவள் போன இரண்டாவது நிமிஷம் சிவராமின் சாம்பல் நிற எஸ்டீம் வந்தது. செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சிவராம் யாருக்கோ ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி இறங்கவில்லை. ஹெட்லைட்டை அணைத்தார், உள்விளக்கைப் போட்டார். கலியன் நம்பரை எழுதினார், டிக்கியைப் பார்த்தார், கம்பியைத் தூக்கினார். உள்விளக்கு அணைந்தது, கார் நகர்ந்தது, ஹெட்லைட் எரியவில்லை. கலியனின் வலது கை தானாக மேலே எழுந்தது. காவலறை வாசலில் தபன் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையை நிமிர்த்திக் கலியனைப் பார்த்தான். கலியன் கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

வளைவிலிருந்து முதலில் டயர் தேய்கிற சத்தம் வந்தது. அப்புறம் தகரம் நசுங்குகிற மாதிரி ஒரு சத்தம். தூக்குச்சட்டி உருண்டு போகும் சத்தம் தனியாகக் கேட்டது.

கலியன் ஓடினார். ஐம்பத்து நாலு வயதில் அவர் அப்படி ஓடியதில்லை. கார் குறுக்கே நின்றது, ஒரு பொட்டு வெளிச்சமில்லை. சிவராம் பக்கத்தில் நின்று "யாரு, யாரது" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே குனிந்து ஸ்விட்சைப் போட்டார். இடது விளக்கு உடைந்து போயிருந்தது. வலது விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் கால்வாய்க் கரைப் புல்லில் நீலாவதி கிடப்பது தெரிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத திசையில் போயிருந்தது. கேண்டீன்காரர்களும் தபனும் ஓடி வந்தபோது அவர்கள் பார்த்தது விளக்கு எரிகிற காரைத்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, குனிந்து பெருக்குவதை அப்புறமும் யோசிக்க வேண்டும் என்றார் டாக்டர். நீலாவதி ஐந்தரைக்கு மேல் வேலையில் இல்லை, வெளியே போன பிறகு நடந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்றான் வேலைக்கு ஆள் விடும் காண்ட்ராக்டர். போலீஸ் தாணாவில், கார் விளக்கோடு வந்தது, கறுப்புச் சேலை கட்டிய பெண் நடுரோட்டில் போனாள் என்று எழுதியிருந்தார்கள். அவள் சேலை பச்சை. வெளிச்சமே வரவில்லை என்று நீலாவதி படுக்கையில் கிடந்தபடி எல்லோரிடமும் சொன்னாள். அடிபட்டவளுக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும் என்று எல்லோரும் பதில் சொன்னார்கள். எழுதியது எழுதியபடி நின்றால் நஷ்டஈடு என்ற பேச்சே எடுக்க முடியாது. விளக்கு இல்லை என்று பார்த்தவர் யாராவது சொன்னால் கேஸ் நிற்கும் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா தேவிப்ரியாவிடம் சொல்லியிருந்தான்.

அவள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கலியனை மடக்கினாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் வாயில் வரும்.

"மாமா, நீங்கதான கேட்ல இருந்தீங்க. ஆலோ ஜோல்ச்சிலோ? எரிஞ்சுதா, இல்லையா?"

"நா தூரத்துல இருந்தம்மா" என்றார் கலியன். சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

சிவராம் கெட்டவர் இல்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டுக்குள் வந்து நின்றவருக்குக் கண் கலங்கியது. அது வேஷமில்லை. ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம், வேறு காரில் வந்தவர், கம்பிக்கு முன்னால் கண்ணாடியை இறக்கிக் கலியனைக் கிட்டே கூப்பிட்டார்.

"கலியன், நான் லைட்டைப் போட்டுண்டுதானே போனேன். நீங்க பாத்தேள். யாராவது கேட்டா அதைச் சொன்னா போறும். நேக்கு ரெண்டு கொழந்தைகள் இருக்கு."

கலியன் மண்டையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்று அவருக்கே விளங்கவில்லை. சிவராம் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் விளக்கைப் போடாமல் போகவில்லை. அதைப் பார்த்தபோது கலியனுக்கு ஆத்திரமாக வந்தது.

உண்மையைச் சொல்ல அவருக்குப் பயம் இருந்தது. சிவராமை நினைத்து வந்த பயம் அல்ல அது. விளக்கில்லாமல் போனதைப் பார்த்தேன் என்று சொன்னால், பார்த்துவிட்டு என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி வரும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வேண்டும். தட்டாமல் கொப்பரையைக் கவிழ்த்தவன் என்று முத்துகிருஷ்ணன் அவர் மூஞ்சியில் காறித் துப்பலாம், துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். நீலாவதியின் காலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தேவிப்ரியா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவர் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளாகவே பேசினாள்.

"அன்னிக்கு நீங்க தட்டலையேண்ணே."

கலியன் நிமிர்ந்தார்.

"அந்த வளைவுல போவசொல்ல எப்பவும் எனக்குக் கேக்கும். டப்பு டப்புன்னு ரெண்டு சத்தம். கேட்டா, கார் வருதுன்னு ஓரமா போயிடுவேன். கொஞ்ச நாளா கேக்கல. அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

குறை சொல்கிற குரலில்லை. ஒரு விவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கலியனால் உட்கார முடியவில்லை. எழுந்து வார்டின் கோடி வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார். பக்கத்துக் கட்டில்காரி என்ன ஆயிற்று என்று வங்காளத்தில் கேட்டாள். அவர் நீலாவதியின் தலைமாட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். காகிதம் படித்தது, கை எழுந்தது, தபன் பார்த்தது, கையை மடக்கியது. சொல்லி முடித்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"சொன்னா ஒங்க வேல போயிடும்ணே" என்றாள் நீலாவதி.

"போவட்டும்."

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் கீழ்த்தள அறையில் விசாரணை வைத்தார்கள். நிர்வாக அதிகாரி, தபன், சிவராம், தாணாவிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆள். கலியன் நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. தெரிந்த வங்காளத்தில் தொடங்கி, திணறிய இடத்தில் ஹிந்தியைப் போட்டு, கார் விளக்கில்லாமல் போனதையும், வளைவில் இருட்டில் நின்றதையும், அப்புறம் சிவராம் ஸ்விட்சைப் போட்டதையும் சொன்னார். தாணாக்காரன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான்.

சிவராம் மறுக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். பேசி முடித்ததும் கலியனுக்கும் புரிய வேண்டும் என்று தமிழில் சொன்னார்.

"தெனமும் அவர்தான் ஞாபகப்படுத்துவார். நான் அதையே நம்பிப் பழகிட்டேன். அன்னிக்கு அவர் தட்டலை. அதான் நடந்தது."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

நிர்வாக அதிகாரி தபனைப் பார்த்தார். அப்படியானால் விளக்கை நினைவூட்டுவது வாசல் காவலாளியின் வேலையா என்று கேட்டார். ஆமாம் சார், ரொம்ப நாளாக நடப்பதுதான் என்றான் தபன். கலியன் காகிதத்தைப் பற்றிக் கேட்டார். வண்டியைத் தொடக் கூடாது என்று படித்தாயே, சட்டைப் பையில் வைத்தாயே என்றார். தபன் அவர் முகத்தைப் பார்க்காமல், எந்தக் காகிதம் என்று கேட்டான். கூட வரிசையில் நின்ற மற்றக் காவலாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். அப்படி எதுவும் ஞாபகமில்லை என்றார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

மறுவாரம் முடிவு வந்தது. வாசல் காவலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது. ஓட்டியவர் மேல் சிறு தவறு, அதற்கு எச்சரிக்கை. தாணாவிலும் அதையே எழுதிக்கொண்டார்கள். கேஸ் நடத்துவதென்றால் காவலாளி மேல் நடத்தலாம், அவரிடம் என்ன இருக்கிறது என்று வக்கீல் குமாஸ்தா தேவிப்ரியாவிடம் கையை விரித்துவிட்டான். கலியன் காக்கிச் சட்டை, தொப்பி, பெல்ட், டார்ச் எல்லாவற்றையும் காவலறை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். டிசம்பர் குளிர் பனியனுக்குள் இறங்கியது. ஹௌராவில் தொழிற்சாலை மூடிய நாளில்கூட அவருக்கு இத்தனை அவமானமாக இருந்ததில்லை. அன்றைக்கு நாலாயிரம் பேரோடு சேர்ந்து வெளியே வந்தார். இன்றைக்கு ஒற்றை ஆள்.

முத்துகிருஷ்ணன் ஒன்றும் துப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவன் ஒரு பீடியைப் பற்ற வைத்துப் பாதி இழுத்துவிட்டு மீதியைக் கலியனிடம் நீட்டினான். கலியன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அது அணைந்து போகிற வரைக்கும் இழுக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் நீலாவதி கக்கத்தில் கட்டை வைத்து நடக்கத் தொடங்கினாள். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று கம்பெனியில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கேண்டீனில் காய் நறுக்கலாம், பாத்திரம் துடைக்கலாம். கலியன் துணைக்குப் போனார். மூன்று மணிக்குப் போனவர்களை ஆறரை வரைக்கும் வாசலில் நிற்க வைத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அதற்கு முந்தின திங்கட்கிழமையும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது, எழுத்துக்கள் பளிச்சென்று தெரிந்தன. ஹெட்லைட்டை அணைக்கவும். அதன் கீழே ஒரு பீகாரிப் பையன் கலியனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நின்றான்.

இருட்டிவிட்டது. இருவரும் கால்வாய்ப் பக்கம் நடந்தார்கள். கம்பங்களில் இன்னும் பல்பு இல்லை. விபத்துக்குப் பிறகு வளைவில் ஒரு வேகத்தடை மட்டும் போட்டிருந்தார்கள். கட்டையை அதன் மேல் தூக்கி வைக்க நீலாவதிக்கு நேரம் பிடித்தது. கலியன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் டயர் உருளும் சத்தம் மட்டும் வந்தது. திரும்பிப் பார்த்தார். வேகத்தடைக்காக மெதுவாகி, ஓர் இருட்டு உருவம் அவர்கள் மேல் ஏறுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

கலியன் அவளை விட்டுவிட்டு ஓர் எட்டு முன்னால் போனார். உள்ளங்கையால் பானெட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

"ஆலோ ஜாலுன்."

கார் நின்றது. விளக்குகள் எரிந்தன. இருவருக்கும் கண் கூசியது. கலியன் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு பார்த்தார். சாம்பல் நிற எஸ்டீம். வலது விளக்கு பழைய கண்ணாடி, மஞ்சளாக எரிந்தது. இடது விளக்கு புதுசு, பால் போல வெள்ளையாக இருந்தது. அந்த வெளிச்சம் நீலாவதியின் கால் மேல் விழுந்தது, கட்டை மேல் விழுந்தது, கட்டையின் நுனியில் தேவிப்ரியா சுற்றிக் கட்டியிருந்த சைக்கிள் ட்யூப் வரைக்கும் தெரிந்தது.

கண்ணாடி இறங்கவில்லை. ஹாரன் இரண்டு முறை அடித்தது. கலியன் நீலாவதியின் கையைப் பிடித்து, சாலையை விட்டுப் புல்லில் இறக்கினார். கார் போகிற வரைக்கும் இருவரும் அங்கேயே நின்றார்கள்.